குணுக்கு போட்ட அத்தானுக்கு

அத்தான்,

என் போனுக்கு உங்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. இன்று காலை பல் தேய்த்துவிட்டு வந்து எடுத்துப் பார்க்கிறேன், ‘இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே நாளில்’ என்று தானாகவே ஒரு படம் ஓட்டிக் காட்டுகிறது. நீங்கள்தான். வலது காதில் குரும்பை தொங்க, கையில் சீட்டை விரித்துப் பிடித்தபடி என்னை முறைக்கிறீர்கள். அந்த முறைப்புக்குப் பின்னணியாக யாரோ பியானோ வாசிக்கிறார்கள். உங்கள் முகத்தை மெல்ல மெல்லப் பெரிதாக்கி, ஓரங்களை மங்கலாக்கி, கடைசியில் ஒரு சிவப்பு இதயத்தைப் பறக்கவிட்டு முடிகிறது. நீங்கள் யார், இருக்கிறீர்களா போய்விட்டீர்களா என்று எதுவும் தெரியாத ஒரு கருவிக்கு என்ன உருக்கம் வேண்டிக்கிடக்கிறது? பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் முன்பின் தெரியாதவரைப் பாராட்டிப் பேசும் வார்டு மெம்பர்கூட இதைவிடக் கொஞ்சம் விசாரித்துவிட்டுத்தான் பேசுவார்.

படத்தின் கீழே, இதை யாருக்கு அனுப்பலாம் என்று ஒரு கேள்வி. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பேனாவில். எழுதியதை யாரும் பார்க்க வேண்டாம் என்றால் இன்றைக்கு வேறு வழி கிடையாது.

முதலில் ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உங்கள்மேல் பெரிய மதிப்பு ஒன்றும் இருந்ததில்லை. அக்காவைக் கட்டிக்கொடுத்தது மதிலுக்கு அந்தப்புறத்து வீட்டில் என்பதால், நீங்கள் மாப்பிள்ளை ஆவதற்கு முன்பே உங்களை முழுசாகப் பார்த்து முடித்தவன் நான். நெய்யாற்றின்கரை தாலுக்கா ஆபீசில் பழைய நிலப்பதிவேடுகளுக்குக் காவலிருந்த கிளார்க். சட்டையை இஸ்திரி போடாமல் கிணற்றடிக்குக்கூடப் போகாத மனிதர். குன்னத்துகாலில் யாருடைய வயல் எந்த சர்வே நம்பர், அதற்கு முன்னால் யார் பேரில் இருந்தது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். சீட்டை எடுத்து உட்கார்ந்தால் மட்டும், இப்போதுதான் போன ஒன்பது டைமண்டா கிளாவரா என்று உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இத்தனை பெரிய ஞாபகசக்திக்கு நடுவில் இத்தனை பெரிய ஓட்டை எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்துப் பார்க்கவில்லை. ஆளே அப்படித்தான் என்று தீர்மானித்துவிட்டேன். மட்டமாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

எனக்குக் கல்யாணமாகி மேரேஜ் ஆல்பம் வந்துசேரும் முன்பே நம் வீட்டுச் சீட்டுக்கச்சேரி தொடங்கிவிட்டது. அதுவரை மூன்று பேராக இருந்தோம். என் வீட்டுக்காரி வந்ததும் நான்கு கை ஆனது. ஞாயிற்றுக்கிழமை என் மோட்டார் வைண்டிங் பட்டறைக்கு லீவு. சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் துடைத்து ‘இருபத்தெட்டு’ ஆட்டம். நீங்களும் நானும் ஒரு கட்சி, அக்காவும் என் வீட்டுக்காரியும் எதிர்க்கட்சி. முதல் நாலு சீட்டு கையில் வந்ததும், இருக்கிற இருபத்தெட்டு புள்ளியில் எத்தனை எடுப்போம் என்று விளிக்க வேண்டும். அதிகமாக விளித்தவருக்குத் துருப்பு. விளித்ததை எடுக்காவிட்டால் ஆட்டம் போச்சு. பதினாலு விளிப்பவன் மனிதன், பதினாறு விளிப்பவன் கையில் பெரிய சீட்டான ஜாக்கி இருப்பவன். நீங்கள் எடுத்த எடுப்பில் இருபத்திரண்டு விளிப்பீர்கள்.

“அத்தான், கையில என்ன உண்டு?” என்று நான் பல்லைக் கடிப்பேன்.

“எனக்க கையில என்ன இருந்தா உனக்கென்னலே? தைரியம் உண்டு. அது போராதா?”

“தைரியத்துக்குப் புள்ளி கிடையாது. ஜாக்கி இருக்கா?”

“அத எதுக்கு முன்னாலயே பறையணும்? நீ கூட இருந்தா போரும் மக்கா.”

ஜாக்கி இருக்காது. ஒரு ஒன்பதும் இரண்டு எட்டும் இருக்கும். மேசையை ஓங்கித் தட்டி ஒன்பதை இறக்குவீர்கள். அக்கா சத்தமில்லாமல் ஜாக்கியைப் போட்டு அள்ளிக்கொள்வாள். ஆறு ஆட்டம் இப்படி அடிவாங்கிய கட்சி காதில் குணுக்கு போட வேண்டும், அடுத்து ஓர் ஆட்டம் ஜெயிக்கிறவரை கழற்றக்கூடாது. அது நம் பக்கத்துச் சட்டம். மற்ற வீடுகளில் காகிதத்தைச் சுருட்டிச் செருகுவார்கள், பிலாவிலையை மடித்து மாட்டுவார்கள். உங்கள் வீட்டில் குரும்பை. தென்னைமூட்டில் உதிர்ந்து கிடக்கும் பொத்தான் அளவுக் குரும்பைகளை அக்கா காலையிலேயே பொறுக்கி நூலில் கோத்துத் தயாராக வைத்திருப்பாள். எங்கள் தோல்வியில் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. உங்கள் புண்ணியத்தில் முப்பத்தொரு வருடம் நானும் காதில் குரும்பையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு மோட்டாருக்கு எத்தனை சுற்று கம்பி என்று எண்ணி எண்ணிச் சுற்றுகிறவன் நான். எண்ணத் தெரியாத ஒருவருக்குக் கூட்டாளியாக இருப்பதைப் போல எரிச்சல் வேறு எதுவும் இல்லை.

குணுக்கு போட்டதும் நீங்கள் செய்யும் காரியம்தான் எனக்கு இன்னும் எரிச்சல். நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டைக் கலைப்பேன். நீங்கள் எழுந்து, கண்ணாடி முன்னால் போய் நின்று, தலையை இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கொள்ளாம். எனக்கு இது சேருது” என்பீர்கள். அக்கா வாயில் முந்தானையை வைத்து அடக்கப் பார்த்து முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். வெட்கமில்லாத மனுஷன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். மகள் எனக்குப் புது போன் வாங்கித் தந்த வாரம். புது போன் கைக்கு வந்தவனின் புத்தி எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வாழைக்குலையைப் படமெடுப்பான், பூனையைப் படமெடுப்பான், கழுவிவைத்த பாத்திரத்தைப் படமெடுப்பான். நீங்கள் அன்று இருபத்துநாலு விளித்திருந்தீர்கள். குணுக்கும் போட்டாயிற்று. நான் போனைத் தூக்கினேன், நீங்கள் முறைத்தீர்கள், எடுத்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். குடும்பக் குழுவில் போட்டேன். வெறுமனே போடவில்லை, ‘முப்பத்தொரு வருடமாகச் சீட்டுப் பிடிக்கப் படிக்கும் மாணவர்’ என்று மலையாளத்தில் ஒரு வரி எழுதிப் போட்டேன். அந்த வரியை யோசிக்க எனக்குக் கால்மணி நேரம் பிடித்தது என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

குடும்பக் குழு என்பது குடும்பம் அல்ல என்று எனக்கு அப்போது தெரியாது. கொழுந்தியாள் மகனின் கூட்டுக்காரன்வரை அதில் இருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் படம் நம் தெருச் சங்கத்தின் குழுவுக்குப் போய்விட்டது. அந்தச் சங்கத்துக்கு நீங்கள்தானே தலைவர். மறுநாள் எவனோ ஒரு வேலையில்லாதவன் பின்னால் இருந்த சுவரையும் மேசையையும் வெட்டிவிட்டு, உங்கள் தலையையும் குரும்பையையும் மட்டும் எடுத்து ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். அதற்குப்பிறகு உங்கள் தலை ஊரெல்லாம் உழைத்தது. காலை வணக்கத்துக்கு உங்கள் தலை. கல்யாண வாழ்த்துக்கு உங்கள் தலை. பஸ்ஸைத் தவறவிட்டவன் அதைச் சொல்ல உங்கள் தலையை அனுப்பினான்.

உங்களிடம் அப்போது பட்டன் போன்தான். சங்கத்தின் அறிவிப்புகளை நீங்கள் சொல்லச் சொல்ல அக்காதான் தன் போனில் எழுதிப் போடுவாள். புதன்கிழமை தண்ணீர் வராது, பிளாஸ்டிக்கைத் தனியாகக் கட்டி வைக்கவும் என்று நீங்கள் சொல்ல அவள் எழுதிப் போட்டிருக்கிறாள். கீழே பதில் வந்தது. உங்கள் தலை. அதன் கீழே இன்னொருவர், அதே தலை. அக்கா போனை மறைக்கப் பார்த்திருக்கிறாள். நீங்கள் வாங்கிப் பார்த்துவிட்டீர்கள். அதற்குப்பிறகு சங்கத்துக்கு நீங்கள் ஓர் அறிவிப்பும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் வந்தபோது மேசைமேல் துணி உலர்த்தப்போட்டிருந்தது. “அவருக்குத் தலைவேதனை” என்றாள் அக்கா. அடுத்த ஞாயிறும் தலைவேதனை. மூன்றாவது ஞாயிறு நான் வரவில்லை.

எனக்கும் வீம்பு. சாதாரண ஒரு போட்டோவுக்கு இத்தனை கோபமா, முப்பத்தொரு வருடமாகக் கண்ணாடியில் பார்த்து ரசித்த முகம்தானே என்று வீட்டுக்காரியிடம் நக்கலாகச் சொன்னேன். அவள், “போயி ஒரு வாக்கு பறஞ்சிட்டு வாருங்க, நாக்கு தேஞ்சா போகும்?” என்றாள். தேய்ந்துவிடும் என்றுதான் நான் நம்பினேன்.

நீங்கள் செய்தது அதைவிட வேடிக்கை. பட்டன் போன் போதும் என்று இருந்தவர், அறுபத்தெட்டாவது வயதில் பாறசாலைக்குப் போய் ஒரு பெரிய போன் வாங்கினீர்கள். உங்களைப் பார்த்து யார் யார் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவே வாங்கினீர்கள் என்றாள் அக்கா. நாலு நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தீர்களாம். பிறகு அதை விட்டுவிட்டு, அதிலேயே இருபத்தெட்டு களிக்க ஆரம்பித்துவிட்டீர்களாம்.

“ஏதோ மேசை எண்ணு காட்டுது. முகம் தெரியாதவனுவகிட்ட களிக்காரு. ‘பழைய சர்வே’ எண்ணு பேராம் அவருக்கு” என்று மதிலுக்கு அந்தப்புறமிருந்து அக்கா சொன்னாள். அவள் அதைச் சும்மா சொன்னாளா, நான் ஏதாவது செய்வேன் என்று சொன்னாளா என்று இன்றுவரை தெரியாது.

நான் செய்தேன். அன்று மத்தியானமே அந்த விளையாட்டை என் போனில் ஏற்றி, ‘கொல்லம் பாபு’ என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு உங்களைத் தேடிப் பிடித்தேன். நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாதவன், கள்ளப்பேரில் வந்து எதிரே உட்கார்ந்தேன். கூட்டாளியாக. வந்த நோக்கம் சமாதானமும் அல்ல. நீங்கள் அந்நியர்களிடமும் இருபத்திரண்டு விளித்து மூக்குடைபடுவதைப் பார்த்து ரசிப்பதுதான் நோக்கம்.

நீங்கள் ‘பாஸ்’ என்றீர்கள்.

அடுத்த ஆட்டமும் பாஸ். மூன்றாவதில் பதினைந்து விளித்து, துருப்பை ஒளித்துவைத்து, எதிராளியின் கையில் என்ன மிச்சமிருக்கிறது என்று எழுதிவைத்துப் படித்தவர்போல ஒவ்வொரு சீட்டாக இறக்கினீர்கள். என் ஒன்பதைக் காப்பாற்ற உங்கள் ஜாக்கியை மூன்று சுற்று கையில் பிடித்துவைத்திருந்தீர்கள். கடைசிச் சுற்றில் யாரிடம் எது இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். இது அத்தான் இல்லை, துபாயிலிருக்கும் உங்கள் மகன், என் மருமகன்தான், அப்பாவின் பேரில் களிக்கிறான் என்று முடிவுகட்டினேன்.

ஆனால் மூன்றரை மணிக்கு ‘பழைய சர்வே’ மேசையிலிருந்து சட்டென்று அறுந்துபோனார். அதே நேரம் மதிலுக்கு அப்பால் உங்கள் கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கியது. எல்லையோர ஊரல்லவா, உங்கள் வீட்டுக்குள் கேரளா டவர், கிணற்றடிக்குப் போனால் தமிழ்நாடு டவர். நம் போன்கள் அங்கே ஒரு நிமிடம் மூச்சுவிட்டுத்தான் மறுபடி பிடிக்கும். மோட்டார் போட நீங்கள் போனைக் கையில் பிடித்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். மறுநாளும் மூன்றரைக்கு அதேபோல அறுந்தது, அதேபோல மோட்டார் ஓடியது. அதற்குமேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டு மாதம் நாம் இருவரும் ஒரே கட்சி. மதிலுக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் நீங்கள். பேச்சுவார்த்தை கிடையாது. எத்தனையோ ஊர்க்காரர்களை மண்ணைக் கவ்வவைத்தோம். அந்த இரண்டு மாதமும் எனக்கு வந்தது சந்தோஷமில்லை அத்தான், கொதிப்பு. இப்படிக் களிக்கத் தெரிந்த மனுஷன் முப்பத்தொரு வருடம் என்னை எதற்காகக் குரும்பை போடவைத்தார்? என்னை வைத்து யாருக்கு வேடிக்கை காட்டினார்? ஒருநாள் நேரில் வந்து சட்டையைப் பிடித்துக் கேட்பதென்று இருந்தேன். கேட்க வேண்டிய வாக்கியங்களைக்கூடப் பட்டறையில் கம்பி சுற்றும்போது சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கேட்க வந்தது ஆஸ்பத்திரிக்கு. நெஞ்சில் அடைப்பு என்று கொண்டுபோன இரண்டாம் நாள். நீங்கள் முகத்தில் மாஸ்க்கோடு உறங்கிக்கொண்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுவார்கள் என்றார்கள், அப்போது கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தேன். வியாழக்கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

சங்கத்துக் குழுவில் மரண அறிவிப்பு வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள். அழுவதற்குப் பொம்மை, கும்பிடுவதற்குப் பொம்மை, இந்த ஊரில் இப்போது துக்கத்துக்குக்கூட யாரும் ஓர் எழுத்து எழுதுவதில்லை. அந்த வரிசைக்கு நடுவில் ஒருவன், பழக்கதோஷத்தில், உங்கள் தலையைப் போட்டுவிட்டான். குரும்பையோடு. இரண்டு மூன்று நொடிதான். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று ஆகிவிட்டது. யார் என்று எனக்குத் தெரியும். அவன் வீட்டு மோட்டார் கருகினால் இன்றும் நான்தான் சுற்றிக்கொடுக்கிறேன். அவனைக் காறித் துப்பலாம்போல இருக்கும். அவன் போட்டது நான் எடுத்த படம் என்பதால் துப்பாமல் மோட்டாரைக் கொடுத்தனுப்புகிறேன்.

பதினாறாம் நாள் காரியம் கழிந்த மறுநாள் அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் உங்கள் மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய நேரத்தில் நான் புகார் சொன்னேன். கொல்லம் பாபு கதை முழுவதையும் கொட்டிவிட்டு, “அக்கா, அத்தானுக்கு நல்லா களிக்கத் தெரியும். நம்மள ஒக்க முட்டாளாக்கிட்டாரு” என்றேன்.

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “தெரியுமே” என்றாள்.

“என்னது தெரியும்?”

“அவருக்குக் களிக்கத் தெரியும் எண்ணு. எனக்கு அண்ணைக்கே தெரியும்.” கவரை மடித்து வைத்தாள். “எலே, கல்யாணம் கழிஞ்சு இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருசம் நான் சத்தம்போட்டுச் சிரிச்சது இல்ல. அவருக்க அம்மைக்கு முன்னால சிரிச்சா அடக்கம் இல்லாதவ எண்ணு பேரு. நீ கெட்டி வந்த பொறவுதானே நாம களிக்கத் தொடங்கினது. முதல்நாளு அவரு அறியாமதான் தோத்தாரு. குரும்பையப் போட்டுட்டு நேரே அம்மைக்க முன்னால போயி நிண்ணு, ‘அம்மா, கம்மல் எப்பிடி உண்டு?’ எண்ணு கேட்டாரு. நான் சிரிச்சிட்டேன். அடக்க முடியல. அம்மையப் பாக்கேன், அவளும் சிரிக்கா. அதுக்குப் பொறவு அவரு ஜெயிச்சது ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணோ ரெண்டோ வாட்டி ஆக்கும். அதும் குணுக்கக் கழத்தத்தான்.”

“பின்ன ஏன் நீ பறையல?”

“பறஞ்சா அவரு நிறுத்திருவாரே.”

அக்கா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“அது அவரு எனக்குக் காட்டினது மக்கா. நீ அத ஊருக்குக் காட்டிட்ட.”

அவ்வளவுதான் சொன்னாள். எழுந்து போய்ச் சாயாவுக்குத் தண்ணீர் வைத்தாள்.

அதற்குப்பிறகு அக்கா சீட்டைத் தொடவில்லை. மருமகன் துபாயிலிருந்து தினமும் கூப்பிட்டு, அம்மா தனியாக இருக்க வேண்டாம், வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்துவிடு என்று நச்சரிக்கிறான். அம்மா களிப்பதுகூட இல்லையாமே, சிரிப்பதே இல்லையாமே என்பது அவன் சொல்லும் காரணம். அவள் போனால் இந்த வீட்டில் நீங்கள் செய்துவைத்தது எதுவும் மிஞ்சாது என்று எனக்குப் பயம். நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும் என்றும் தோன்றியது. ஆகவே ஒரு மடத்தனம் செய்தேன்.

மருமகன் லீவில் வந்தபோது அக்காவின் போன், என் வீட்டுக்காரியின் போன், என் போன் மூன்றிலும் அந்த விளையாட்டை ஏற்றி ஒரே மேசையாகச் சேர்த்துக்கொடுத்தான். நாலாவது கை, உங்கள் இடம், கம்ப்யூட்டர். அதற்குக் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு முகம். அதுதான் என் கூட்டாளி. பார்க்க வேண்டிய காட்சி அத்தான்: சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் குனிந்து உட்கார்ந்து, எதிரே இருப்பவரை ஏறிட்டுப் பாராமல், அவரோடு களிக்கிறோம். டாக்டர் கூப்பிடக் காத்திருக்கும் நோயாளிகள்கூட ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

முதல் ஞாயிறு நான் உங்களைப் போலச் செய்யத் துணிந்தேன். கையில் ஒன்றுமில்லாமல் இருபத்திரண்டு விளித்தேன். உங்களைப் போலவே மேசையைத் தட்டினேன். கூலிங்கிளாஸ்காரனிடம் இரண்டு ஜாக்கி இருந்து தொலைத்தது. தப்பே செய்யாத அந்தச் சனியன் என்னை இழுத்துக்கொண்டு போய் ஜெயிக்கவைத்தது. திரையில் வண்ணக் காகிதங்கள் கொட்டின. என் வீட்டுக்காரி, “இதென்ன புதுசா இருக்கு, உங்களுக்குக் கிறுக்கா?” என்றாள். அக்கா அடுத்த ஆட்டத்துக்கான பொத்தானை அமுக்கினாள்.

இரண்டாவது ஞாயிறும் போராடினேன். நல்ல சீட்டைத் தப்பான நேரத்தில் இறக்கினேன், துருப்பை வீணாக்கினேன், ஐயோ அம்மா என்று கத்தினேன். மூன்றாவது ஞாயிறு ஒருவழியாகத் தோற்றேன். திரையில் ஒரு மஞ்சள் முகம் கண்ணீர் விட்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு, உங்கள் குரலிலேயே, “கொள்ளாம், எனக்கு இது சேருது” என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன கணமே, சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“எலே, என்ன செய்யுத நீ?”

“என்ன செய்யேன்? தோத்துட்டேன்.”

“அவரு தோத்தா தோத்ததுபோல இருக்கும். அவரு வேணுமிண்ணு தோக்காரு எண்ணு எனக்குத் தெரிஞ்சும், ஒவ்வொரு வாட்டியும் நான் நம்பியிருக்கேன். நீ தோத்தா எனக்குப் பிச்ச போடதுபோல இருக்கு. உனக்க பிச்ச எனக்கு வேண்டாம்.” பிறகு என் வீட்டுக்காரியைப் பார்த்து, “எம்மா, அந்த அலமாரியில சீட்டுக்கெட்டு உண்டு, எடு. மூணு பேரு களிப்போம்” என்றாள்.

“மூணு பேருக்குக் கூட்டு இல்லியே மைனி?”

“வேண்டாம். அவனவன் பாடு அவனவனுக்கு.”

அப்படித்தான் இப்போது களிக்கிறோம். அக்கா துபாய்க்குப் போகவில்லை. மருமகனிடம் என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று நான் கேட்கவில்லை. சிரிப்பதும் இல்லை. மும்முரமாகக் களிக்கிறாள். நான் எண்ணி எண்ணித்தான் களிக்கிறேன், ஜெயிக்கத்தான் பார்க்கிறேன். பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள். வேண்டுமென்றே தோற்கத்தான் பெரிய வித்தை வேண்டியிருக்கிறது, அது எனக்கு ஏழு ஜன்மத்திலும் வராது என்று இரண்டு பெண்களுக்கும் தெரிந்துவிட்டது.

முப்பத்தொரு வருடம் உங்களை மட்டமாக நினைத்தவன் நான். அந்த நினைப்பு போகும் என்று பார்த்தேன், போகவில்லை. ஆளை மட்டும் மாற்றிக்கொண்டு என்மேல் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அதையும் கூட்டிக்கொண்டுதான், அத்தான், மதிலைச் சுற்றி அக்கா வீட்டுக்குப் போகிறேன்.